தண்ணீர் வாளியும் சேலைத் தொட்டிலும்

ஆலயத்து ஒலிபெருக்கி ஒரு பொல்லாத கருவி. வாயினின்று நழுவிய சொல்லை அது ஒருபோதும் திருப்பித் தருவதில்லை, பெருக்கியே தரும். தாம்பரத்துக்குக் கிழக்கே நாம் பொறுப்பேற்றுள்ள பங்கில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு காலைத் திருப்பலியில், மறையுரையின் நடுவே நாம் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் நம் செவியை விட்டு அகலவில்லை. "அந்தப் பிள்ளையைச் சற்று வெளியே கூட்டிச் செல்லுங்கள், அம்மா."

பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. நடுப்பாதையில் ஓடி வந்தான். தூணில் வேண்டுமென்றே தோளை இடித்தான். இடித்துவிட்டுச் சிரித்தான். குளிர்ந்த தரையில் மல்லாந்து படுத்து உருண்டான். பிறகு எழுந்து, முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரின் முழங்காலில் தன் உடற்பாரம் முழுவதையும் சாய்த்து நின்றான். மக்களின் பார்வை நம்மை விட்டு அவன்பால் திரும்பியது. மறையுரையாற்றுவோர்க்கு இதைவிடப் பெரிய துன்பம் வேறில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. சொல் வந்துவிட்டது.

அத்தாய் ஒன்றும் பேசாமல் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அன்பியக் கூட்டத்திலும் அவ்வீட்டார் இல்லை. இறைவீட்டின் அமைதியைக் காப்பது நம் கடமைதானே என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு ஆறு வாரங்களைக் கடத்தினோம். ஏழாவது வாரம், ஒரு மாலை வேளையில், சேலையூர்ப் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடிப் பகுதியில் குடியிருந்த அவர்கள் வீட்டுப் படியேறினோம்.

கதவைத் திறந்தவர் பாட்டி. உள்ளே பிள்ளை ஒரு சிறு வாளியை இரு கைகளாலும் பிடித்து, குளியலறையிலிருந்து மொட்டைமாடிக்குச் செல்லும் வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தான். வாளியில் கால்வாசித் தண்ணீர். மாடியில் கறிவேப்பிலைத் தொட்டிகள் நான்கு. நான்குக்கும் அவன்தான் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். உத்தரத்து வளையத்தில் பழைய நூற்சேலை ஒன்று தொட்டிலாகத் தொங்கிற்று. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தொட்டிலா என்று நாம் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பாட்டி முந்திக்கொண்டார்.

"அவனுக்குத் திமிரு இல்லே சாமி, தெம்பு இல்லே. தெம்பு இல்லாததாலேதான் அத்தனை ஆட்டம்."

இது நமக்கு விளங்கவில்லை. தெம்பில்லாத பிள்ளை படுத்துக் கிடப்பான். ஆட்டம் போடுகிற பிள்ளைக்குத் தெம்பு மிகுதி. இதுதான் நாம் அறிந்த உலகியல். அன்று அந்தத் தாய் அரைமணி நேரம் செலவிட்டு விளக்கினார். சுடுசொல் ஒன்றும் இல்லை. நாம் மன்னிப்புக் கேட்டதைக்கூட அவர் பெரிதுபடுத்தவில்லை. அதன்பின் நாமே தேடிப் படித்தும், இத்துறையில் பணிபுரிவோரைக் கேட்டும் அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் பங்குகளில் இத்தகைய பிள்ளை இல்லாத தெரு அரிது. அவர்களைப் பற்றி ஒலிபெருக்கியில் வாய் திறக்கும் ஆபத்து நம் அனைவர்க்கும் உண்டு.

அப்பிள்ளை டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். 1866இல் இந்நிலையை முதன்முதலில் விரிவாக எழுதிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் பெயரால் அது வழங்குகிறது. இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டாக இருப்பதற்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்பது 1959இல் பாரிஸ் நகரில் ஜெரோம் லெஜூன், மார்த்த கோத்தியே, ரெமோன் துர்ப்பென் ஆகியோர் எழுதிய கட்டுரையால் உலகுக்குத் தெரிந்தது. இவர்களுள் லெஜூன் 2021இல் திருஅவையால் வணக்கத்துக்குரியவர் என அறிவிக்கப்பட்டார். இது நம் வாசகர்க்கு ஆர்வமூட்டும் செய்தி. ஆயினும் நம் பேச்சு அதைப் பற்றியதன்று. இந்நிலையோடு பிறக்கும் பிள்ளைகள் ஏறத்தாழ அனைவர்க்கும் தசைத் தளர்வு பிறவியிலேயே உண்டு. கையில் எடுத்தால் துணிப்பொம்மை போல் வழுகும் என்று தாய்மார் சொல்வது அதையே. டவுன் சிண்ட்ரோம் இல்லாத பிள்ளைகள் பலர்க்கும் வேறு காரணங்களால் இத்தளர்வு அமைவதுண்டு.

தசைத் தளர்வு வேறு, தசை வலுவின்மை வேறு. நாம் சும்மா இருக்கும்போதும் நம் தசைகள் முற்றிலும் தொய்ந்து போவதில்லை. மூளையும் தண்டுவடமும் ஒரு சிறு விறைப்பை அவற்றில் எப்போதும் காத்துவருகின்றன. முறுக்கேற்றிய வீணைத் தந்தியைத் தொட்டவுடன் நாதம் எழும். தொய்ந்த தந்தியை எவ்வளவு மீட்டினும் மந்தமான ஓசைதான். தளர்ந்த தசையும் அப்படியே. செயலுக்கு எழும்ப அதற்குக் கூடுதல் முயற்சி வேண்டும். ஆகவே இத்தகைய பிள்ளைக்கு ஓடுவது எளிது, நிற்பது கடினம். ஓட்டத்தில் வேகமே உடலைத் தாங்கிச் செல்கிறது. அசையாமல் நிமிர்ந்து அமர்ந்திருப்பது எல்லாவற்றிலும் கடினம். நாமோ அதைத்தான் ஒழுக்கத்தின் முதற்பாடமாக அவனிடம் கேட்கிறோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. குருமடத்தில் தத்துவம் பயின்ற நாளில், புலன்கள் ஐந்துக்கு மேல் இருத்தல் இயலாது என்று அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் வாதிட்டதையும், புனித தாமஸ் அக்குவினாஸ் அவ்வழியே புறப்புலன் ஐந்து எனக் கொண்டதையும் மனப்பாடம் செய்து தேர்வெழுதினோம். தமிழ் மரபும் ஐந்தையே எண்ணுகிறது. ஆனால் தொல்காப்பியர் மரபியலில் உயிர்களின் அறிவை வரிசைப்படுத்தும்போது கண்ணையோ செவியையோ முதலில் வைக்கவில்லை, உற்றறிதலை வைத்தார். புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள ஓரறிவு அது என்றார். அவ்வரிசையின் நுட்பம் நமக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஐந்துக்கு அப்பாலும் புலன்கள் உள்ளன என்பது உடலியலார் கூற்று. கண்ணை மூடிக்கொண்டும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அது எப்படி? தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நுண்ணுறுப்புகள் ஓயாமல் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இதற்குச் சார்லஸ் ஷெரிங்டன் 1906இல் தனியொரு பெயர் சூட்டினார். தன்னுடல் உணர்வு என்று நாம் சொல்லலாம். தலை எப்பக்கம் சாய்கிறது, உடல் சுழல்கிறதா நிற்கிறதா என்று அறிவிப்பது உட்செவியில் உள்ள சமநிலைப் புலன். தளர்ந்த தசையிலிருந்து வரும் செய்தி மங்கலானது என்பதும், அந்தச் செய்தியை உரக்கக் கேட்கும் பொருட்டே பிள்ளை தூணில் இடிக்கிறான், குதிக்கிறான், உருள்கிறான், கண்டதை வாயிலிட்டுக் கடிக்கிறான் என்பதும் இத்துறையினர் தரும் விளக்கம். காது மந்தமானவர் வானொலியின் ஒலியைக் கூட்டி வைப்பதில்லையா? நம் ஆலயத்துத் தூண் அவனுக்கு வானொலியின் திருகாயிற்று.

இவ்வெண்ணங்களை ஒரு கோட்பாடாகத் தொகுத்தவர் ஜீன் ஏர்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். புலன் ஒருங்கிணைப்பைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1972இல் வெளிவந்தது. 1997இல் வின்னி டன் என்பவர், புலனுணர்வை மிகுதியாகத் தேடும் பிள்ளைகள், அதை விட்டு விலகும் பிள்ளைகள், எளிதில் துன்புறும் பிள்ளைகள், எதையும் கவனியாத பிள்ளைகள் என நான்காக வகுத்தார். ஒரே பிள்ளை ஒரு புலனில் தேடுபவனாகவும் மறுபுலனில் விலகுபவனாகவும் இருக்கலாம். நம் சிறுவன் இடியையும் ஆட்டத்தையும் தேடுவான். ஆலய மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான்.

இக்கோட்பாட்டை வேதவாக்காகக் கொள்ளலாகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கையில், புலன்சார் சிகிச்சைகளுக்கு ஆய்வுச் சான்று குறைவு என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துச் சொல்லுமாறும், புலன் செயலாக்கக் குறைபாடு என்பதைத் தனியொரு நோயாகப் பெயரிட வேண்டாம் என்றும் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. ஆயிரக்கணக்கில் பணம் கேட்டு, இத்தனை மாதத்தில் பிள்ளையை மாற்றிக் காட்டுகிறோம் என்போரிடம் எச்சரிக்கை வேண்டும். ஆனால் உடலசைவுப் பயிற்சியின் பயன் வேறு கணக்கு. 2001இல் அமெரிக்காவில் டேல் உல்ரிக் என்பாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள கைக்குழந்தைகளைப் பெற்றோர் தம் வீட்டிலேயே, ஒரு சிறு நடைப்பட்டையின்மேல் தாங்கிப் பிடித்து, நாளைக்கு 8 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் அடியெடுத்து வைக்கச் செய்தனர். அக்குழந்தைகள் மற்றவரைவிடச் சராசரி 101 நாள் முன்னதாக நடந்தன. எட்டே நிமிடம், செய்வித்தவர் பெற்றோர், இடம் வீடு.

வீட்டில் என்ன செய்வது என்பதே பெற்றோரின் கேள்வி. அந்தத் தாய் நம்மிடம் சொன்ன ஒரு வார்த்தையை இங்கே சொல்லியாக வேண்டும். "எல்லாரும் செய்யச் சொல்றாங்க ஃபாதர். எப்போ செய்யறதுன்னு யாரும் சொல்றதில்லே." கணவர் மறைமலைநகர்ப் பக்கம் ஷிப்ட் வேலை. மூத்த மகளுக்குப் பள்ளி. காலையில் குடிநீர் பிடிக்க வேண்டும். சமையல், பாட்டிக்கு மருந்து. இதனிடையே ஒரு மணி நேரப் பயிற்சி அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, இரண்டு வாரம் செய்து, மூன்றாம் வாரம் விட்டுவிட்டு, விட்டதற்காகத் தம்மையே நொந்துகொண்டிருந்தார். ஆலயத்தில் நாம் சொன்ன சொல் அந்த நோவின்மேல் விழுந்தது.

வழி கண்டவர் பாட்டி. பயிற்சி தனி, வீட்டுவேலை தனி என்று ஏன் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அன்றுமுதல் அவ்வீட்டு வேலைகளே பயிற்சியாயின. பாரம் தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், பிசைதல், கடித்தல் ஆகிய செயல்கள் தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் தந்து, தேடும் பிள்ளையை அமைதிப்படுத்துகின்றன என்பது தெரபிஸ்டுகளின் அனுபவம். நம் வீடுகளில் இவற்றுக்கா பஞ்சம்! வாளித் தண்ணீர் அதில் முதலாவது. நிமிர்ந்து, இரு கையாலும் தூக்கி, மூச்சு முட்டாமல் நடக்க எவ்வளவு முடியுமோ அவ்வளவே வார்க்க வேண்டும். வெங்காயக் கூடையைக் கடையிலிருந்து வந்ததும் அடுக்களைக்குத் தள்ளிச் செல்வது அவன் பணி. துவைத்த சிறு துணிகளைப் பிழிந்து கொடுப்பதும் அவனே. ஈரத் துண்டை முறுக்குகையில் விரல், மணிக்கட்டு, தோள் மூன்றும் உழைக்கின்றன. மாலையில் சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை அவனுக்கு. அதைக் குத்தலாம், உருட்டலாம், இழுக்கலாம். சுடப்பட்ட அந்தக் கோணல் சப்பாத்தியைத் தந்தையார் பாராட்டி உண்ண வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கீரை ஆய்வதில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளப் பழகுகின்றன. பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் அவை. முறுக்கு அச்சை இருவருமாகச் சேர்ந்து அழுத்துவது பண்டிகைக் காலப் பயிற்சி. தட்டில் அரிசி பரப்பி அதில் விரலால் எழுதுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. அதே அரிசிக்குள் மரக்கரண்டி, மூடி போன்றவற்றைப் புதைத்துத் தேடச் செய்தால் விளையாட்டாயிற்று. எல்லாவற்றையும் வாயிலிடும் பிள்ளைக்குப் புளியங்கொட்டையும் சோழியும் ஆகா. பல்லாங்குழி சில ஆண்டுகள் காத்திருக்கட்டும்.

வாய்க்கும் தளர்வு உண்டு. கடிக்கத் தேடும் பிள்ளைக்கு நொறுங்கும் தின்பண்டம் சிறுசிறு துண்டாக, அமர்ந்த நிலையில், பெரியவர் பார்வையில் தரலாம். முழு நிலக்கடலை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். மோரைக் குழலால் உறிஞ்சலாம். மேசைமேல் காகித உருண்டையை ஊதித் தள்ளிப் பந்தயம் விடலாம். ஊதினால் பேச்சு வந்துவிடும் என்று நம்பி நாளெல்லாம் ஊதச் செய்வோர் உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. பேச்சுக்குப் பயிற்சி பேசுவதே. பாட்டி செய்தது அதுதான். வாளி தூக்கும்போது 'தூக்கு', வைக்கும்போது 'வை', ஊற்றும்போது 'ஊத்து'. ஒரு செயலுக்கு ஒரு சொல்.

இனித் தொட்டில். முன்னும் பின்னுமாக ஒரே சீராக ஆடுவது அமைதி தரும். கிறுகிறுவென்று சுற்றுவது கிளர்ச்சியூட்டும். சுழற்சியைத் தேடும் பிள்ளை தலைசுற்றலை உணராமல் மேலும் மேலும் கேட்பான். முகம் வெளிறுதல், வியர்த்தல், அளவிறந்த சிரிப்பு ஆகியவை கண்டால் நிறுத்திவிட வேண்டும். அவ்வீட்டில் சேலையை இருமடிப்பாகக் கட்டி, அவன் அதில் படுக்காமல் அமர்ந்து, பாதம் தரையைத் தொட்டு உந்தும் உயரத்தில் வைத்திருந்தனர். அருகில் ஆள் இல்லாமல் ஆட்டம் இல்லை. ஆடி முடிந்ததும் சேலை அவிழ்க்கப்படும். தொங்கும் துணி கழுத்தைச் சுற்றிய துயரச் செய்திகளை நாம் நாளிதழ்களில் படித்திருக்கிறோம் அன்றோ? பாயில் சுருட்டி உருட்டும் விளையாட்டிலும் தலை எப்போதும் வெளியே இருக்க வேண்டும். பாரம் ஏற்றிய போர்வைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. தானே விலக்கிக்கொள்ள வலுவில்லாத பிள்ளைமேல் அவற்றைப் போர்த்தி உறங்க விடுவது அபாயம்.

இதை எழுதும்போது நம் பழைய தமிழாசிரியர் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை அடுக்கிச் சொன்னது நினைவுக்கு வருகிறது. செங்கீரை என்பது குழந்தை ஒரு காலை மடித்து, இரு கையையும் ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடும் பருவம். சப்பாணி இரு கையும் சேர்த்துக் கொட்டுவது. வருகை தளர்நடை நடந்து வருவது. பிறகு ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். இலக்கியச் சுவைக்காகவே நாம் அவற்றைப் பயின்றோம். இன்று ஒரு தெரபிஸ்ட்டின் கண்ணோடு பார்த்தால், தலை நிமிர்தல், கையூன்றல், உடலின் நடுக்கோட்டில் இரு கையும் சேர்தல், நடத்தல், மணலில் அளைதல், கொட்டுதல், இழுத்தல், ஊஞ்சலாடுதல் என்று வளர்ச்சிப் படிகள் அங்கே வரிசை கட்டி நிற்கின்றன! மரபுப்படி ஐந்தாம் மாதம் செங்கீரை, பதின்மூன்றாம் மாதம் வருகை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பலர் இரண்டு வயதை ஒட்டியே நடக்கின்றனர். பருவங்கள் தள்ளி வரும், ஆனால் வரும்.

நடைவண்டியைப் பற்றியும் ஒரு சொல். மூன்று சக்கரம் கோத்த மரவண்டியைப் பிடித்துக் குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கி, தள்ளிக்கொண்டு போகும். அது நல்லது. நடுவில் துணி இருக்கையில் குழந்தையை உட்காரவைத்து உருளவிடும் பிளாஸ்டிக் வாக்கர் அதன் உறவினர் போலத் தோன்றும், ஆயினும் உறவில்லை. அது நடையைப் பழக்குவதில்லை. படியில் உருண்டு விழச் செய்கிறது. கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது. ஞானஸ்நானப் பரிசாக அதை வாங்கிச் செல்லும் ஞானப்பெற்றோர், மரத்தில் செய்த பழைய நடைவண்டியைத் தேடினால் நலம்.

அமரும் முறையைப் பற்றியும் அத்தாய் சொன்னார். தளர்ந்த பிள்ளை இரு கால்களையும் பின்புறம் மடித்து விரித்து அமரவே விரும்புவான். அகலமான அடித்தளம் கிடைப்பதால் உடல் சாயாது. சம்மணமிட்டோ, ஒருக்களித்தோ, தாழ்ந்த முக்காலியில் பாதம் தரையில் பதியவோ அமரச் செய்தால் வயிறும் முதுகும் உழைக்கும். பாதம் காற்றில் தொங்கும் நாற்காலியில் எந்தப் பிள்ளையும் அமைதியாக அமராது. நம் ஆலயத்துப் பெஞ்சுகள் அத்தனையும் அவ்வகையே என்பது அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது.

இவ்வளவு கற்றபின்பும் நாம் இரண்டாம் முறை தவறினோம். அவ்வாண்டுக் கோடை விவிலிய முகாமுக்கு அவனை நாமே அழைத்தோம். பிள்ளைகள் மைதானத்தில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தனர். இவனோ புலன் தேடுபவன், உருள விரும்புபவன். இதைவிட அவனுக்கு ஏற்ற விளையாட்டு ஏது என்று எண்ணி, அவன் தலையைத் தரையில் பதியவைத்துக் கால்களைத் தூக்கிவிடக் குனிந்தோம். "வேண்டாம் ஃபாதர்!" என்று மைதானமே திரும்பிப் பார்க்கும்படி அத்தாய் கத்திக்கொண்டு ஓடிவந்தார். இம்முறை ஒலிபெருக்கி அவரிடம் இல்லை, தேவையும் படவில்லை.

காரணம் இது. டவுன் சிண்ட்ரோமில் தசை மட்டுமன்றி மூட்டுகளைக் கட்டியிருக்கும் நாண்களும் தளர்ந்தவை. கழுத்தின் முதலிரு எலும்புகள் தலையின் கீழ் சேருமிடத்தில் சிலர்க்கு அத்தளர்வு மிகுதி. கழுத்து பலமாக மடங்கினால் தண்டுவடம் நசுங்கக்கூடும். ஆகவே குட்டிக்கரணம், தலைகீழாக நிற்றல், தலைகுப்புறத் தண்ணீரில் பாய்தல், கழுத்தைப் பிடித்து மல்யுத்தம் ஆகியவற்றை மருத்துவரிடம் கேளாமல் செய்விக்கலாகாது. குதிவலையில் குதிப்பதும் அப்படியே. கழுத்து வலி, தலை ஒருபக்கம் சாய்ந்தே இருத்தல், நடை திடீரென மாறுதல், கைகால் சோர்தல், அடங்கியிருந்த சிறுநீர் மீண்டும் அடங்காமற் போதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இப்பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதயக் குறையோடு பிறக்கின்றனர் என்பதால், பாரம் தூக்கும் பயிற்சிக்கு முன் இதயப் பரிசோதனையும் வேண்டும். அரைகுறை அறிவு தந்த துணிச்சலில் நாம் அன்று குனிந்த அந்த நொடியை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. அவன் கழுத்து எத்தகையது என்று நாம் அறிந்திருக்கவில்லை. அத்தாய் அறிந்திருந்தார், ஆலயத்தில் வாய் திறவாதவர் மைதானத்தில் கத்தியது அதனால்தான்.

இவ்வறிவை அவர் பெற்றது முட்டுக்காட்டில். கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகை மாற்றுத்திறன் கொண்டோர்க்கான தேசிய நிறுவனம் 2005இல் மத்திய அரசால் அங்கு நிறுவப்பட்டது. தாம்பரத்திலிருந்து பேருந்து மாறி, பிள்ளையை இடுப்பில் சுமந்து, அவர் சென்ற நாள்கள் பல. சென்னைக்குள் கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் இருக்கிறது. 1985இல் பூனம் நடராஜன் அம்மையார் தொடங்கியபோது அதற்கு வேறு பெயர்; பணி அன்றுமுதல் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் சேர்த்தே நடத்துவது. 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதித்து மாவட்ட மையங்களுக்கு அனுப்புகின்றனர். டவுன் சிண்ட்ரோம் அப்பட்டியலில் உண்டு. இவற்றைப் பங்குச் செய்தித்தாளில் அறிவிப்பது எளிது. பேருந்தில் பிள்ளை மடியில் நில்லாமல் துள்ளும்போது பக்கத்து இருக்கைக்காரர் பார்க்கும் பார்வையைத் தாங்குவது எளிதன்று. அந்தப் பார்வையோடு அவர் ஒரு மணி நேரப் பயணத்தைத் தாங்குவார். நம் பார்வையை ஐந்து நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை என்றால், அது அவர் குறையன்று.

அவர்கள் ஆலயத்துக்குத் திரும்பி வந்தது அவ்வாண்டு செப்டம்பரில். நாம் அழைத்ததனால் அன்று, பாட்டியின் பிடிவாதத்தால். வருமுன் அத்தாய் ஒரு நிபந்தனை வைத்தார். திருப்பலிக்குக் கால்மணி நேரம் முன்பே வருவார்கள். அவனுக்கு வேலை தர வேண்டும். பாடல் புத்தகங்கள் திருப்பொருள் அறையில் கூடையில் இருக்கும். பத்துப் பத்தாக எடுத்து அவன் ஒவ்வொரு பெஞ்சாக வைத்து வருகிறான். சில புத்தகம் தலைகீழாக இருக்கும். யாரும் திருத்துவதில்லை. முடிந்ததும் வெறுங்கூடையைத் தரையோடு தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துகிறான். அந்தக் கரகர ஓசைதான் எட்டு மணித் திருப்பலிக்கு இப்போது இரண்டாம் மணி. மூன்றாம் தூணருகே அவனுக்கென்று தாழ்ந்த முக்காலி ஒன்று உண்டு. அதில் பாதம் பதிய அமர்ந்து, தூணில் முதுகைச் சாய்த்துக்கொள்கிறான். மணியடிக்குமுன் பீடச்சிறுவன் அவனைப் பார்த்துத் தலையசைக்கிறான். இவன் காதைப் பொத்திக்கொள்கிறான்.

எல்லா ஞாயிறும் இப்படி அமைவதில்லை. மழையால் மாடிக்குத் தண்ணீர் சுமக்காத காலைகளில் அவன் பழையபடி உருள்வான். ஒருமுறை காணிக்கைத் தட்டு அவனால் கவிழ்ந்து, சில்லறை பொறுக்கவே நேரம் சென்றது. பெரியவர்கள் சிலர்க்கு இன்னும் மனக்குறை உண்டு. அவர்கள் நம்மிடம் நேரிலேயே சொல்கிறார்கள். நாமும் ஒருநாள் அவ்வாறே நினைத்தவராதலால் அவர்களிடம் கோபிக்க நமக்கு உரிமையில்லை.

நம் மறையுரை அந்நாளில் பதினைந்து நிமிடம். அவன் ஒன்பதாவது நிமிடத்தில் முக்காலியை விட்டு இறங்கித் தரையில் படுத்துவிடுவான் என்பதைச் சில வாரம் கடிகாரம் பார்த்துக் கண்டுபிடித்தோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டலாகாது என்று 2024இல் சொன்னார். அது செய்தியாக வந்தபோது, நம் பங்கில் ஒருவரும் வியப்படையவில்லை; நாம் எட்டாவது நிமிடத்தில் நிறுத்தத் தொடங்கிச் சில காலம் ஆகியிருந்தது.